சுண்ணாம்பில் எழுதிய விலை

தஞ்சாவூர் புறவழிச் சாலையில் பழைய கார் விற்கும் பெரிய கடை ஒன்றைப் போன மாதம் திறந்தார்கள். முப்பத்து நான்கு வருஷம் இதே தொழிலில் கிடந்தவன் என்பதால் எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். கண்ணாடிச் சுவர், வாசலில் சந்தனம், உள்ளே ஏ.சி., கையில் காபி. நடுக்கூடத்தில் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. மேனேஜர் தன் போனைத் தட்டி மூன்று நொடியில் அதன் விலையைச் சொன்னார். பிறகு, "ஐயா, நீங்களா இருந்தா இதுக்கு என்ன விலை போட்டிருப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரியாதைக்காக அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, காபி சட்டையில் சிந்தியது. என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் விலை போட்டிருக்கிறேன். அந்த விலையைக் கேட்டு எங்கள் கடையே சிரித்தது. அதை நின்றுகொண்டே சொல்லிவிட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடை கீழவாசல் பக்கம் இருந்தது. கடை என்றால் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு புளியமரம், அதன் நிழலில் ஏழெட்டு வண்டிகள். அதை நடத்தியவர் காதர் பாய். நான் மெக்கானிக்காகச் சேர்ந்து, ஆறு வருஷம் கை கறுத்து, பிறகு வண்டிக்கு மதிப்புப் போடுகிறவன் ஆனேன். அந்த ஆறு வருஷத்தில் கற்றதை ஆறு வரியில் சொல்லிவிடலாம். மைல் மீட்டரை நம்பாதே, பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார். துணியில் சுற்றிய காந்தத்தை வண்டியின் உடம்பெல்லாம் ஓட்டு. ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருப்பார்கள். காலடி விரிப்பைத் தூக்கி மோந்து பார். நம் ஊர்க் களிமண் ஈரத்தை விடாது, தரை அங்கேதான் அரிக்கும். காற்று வரும் துவாரத்தில் உமி பறந்தால் அது நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற வண்டி, எலி வயரைக் கடித்திருக்கும். பானெட்டில் கொடிக்கம்பத்துக்கு ஓர் ஓட்டை இருந்தால் கட்சிக்காரர் வண்டி, இரண்டு ஓட்டை இருந்தால் கட்சி மாறியவர் வண்டி. அந்தக் காலத்தில் இரண்டு ஓட்டை வண்டிகள் நிறைய வந்தன.

டயரை உதைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். உதைத்து என்ன தெரிந்துகொள்கிறார்கள் என்று இதுவரை ஒருத்தரும் எனக்கு விளக்கியதில்லை.

காதர் பாய் ஒல்லியான, உயரமான மனிதர். நாள் முழுக்க வெற்றிலை போடுவார், ஆனால் அந்த வெள்ளைச் சட்டையில் ஒரு கறையைப் பார்க்க முடியாது. வண்டி கொண்டுவருகிறவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்துவார். "முதல்ல வண்டி பேசட்டும்ங்க. அப்புறம் நீங்க பேசுங்க" என்பார். வண்டியை மூன்று தரம் சுற்றி வருவார். ஏறும்போது பின்சீட்டில்தான் முதலில் ஏறுவார். முன்சீட்டை எல்லாரும் துடைத்து வைத்திருப்பார்களாம், பின்சீட்டில்தான் உண்மை கிடக்குமாம்.

மற்ற தரகர்கள் மாட்டுச் சந்தையில் செய்வதுபோல் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசிய காலம் அது. விற்பவருக்கு ஒரு விலை, வாங்குபவருக்கு ஒரு விலை, நடுவில் துண்டு. பாய்க்கு அது பிடிக்காது. தன் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை ஆள்காட்டி விரலில் எடுத்து, வண்டியின் முன்கண்ணாடியில் விலையை எழுதிவிடுவார். தெருவில் போகிறவர்கூடப் படிக்கலாம். எழுதிய பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. தரகை வாங்குகிறவரிடம் மட்டும் வாங்குவார். வண்டியை வாங்குகிறவர், அந்தச் சுண்ணாம்பைத் தன் கையால் துடைக்க வேண்டும். துடைத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

விலை போட எங்கள் ஊரில் இன்னொரு சுலபமான கணக்கு உண்டு. மேட்டூர் அணை திறந்துவிட்டார்களா, கல்யாண மாசமா, வண்டியில் எத்தனை பேர் ஏறலாம். அவ்வளவுதான். ஓர் அம்பாசிடரில் ஒன்பது பேரும் ஒரு பலாப்பழமும் குத்தாலம் கல்யாணத்துக்குப் போய் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதனால் சீட்டுக்கு இவ்வளவு என்று பெருக்கிப் பார்த்துவிட்டு, நிலைமையைப் பொறுத்துக் கூட்டிக் குறைப்பேன். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. எனக்குத் தலைக்கனமும் ஏறியிருந்தது.

அப்போதுதான் வீரையன் வந்தார்.

வலங்கைமான் பக்கத்தில் ஒரு மிராசுதாரிடம் டிரைவராக இருந்தவர் அவர். குடும்பத்தில் மற்ற எல்லாரும் அதே பண்ணையில் வயல் வேலை செய்தவர்கள். முதலாளி காரை விற்கப் போகிறார், ஆள் அனுப்பிப் பார்க்கச் சொன்னார் என்று செய்தி கொண்டுவந்தார். செய்தியைச் சொல்லிவிட்டுப் போகாமல், புளியமரத்தடியில் நின்ற மஞ்சள் தலை போட்ட கறுப்பு அம்பாசிடர் டாக்சியையே சுற்றிச் சுற்றி வந்தார். அதன் கண்ணாடியில் ஒன்பதாயிரம் என்று பாய் எழுதியிருந்தார்.

"நாலு மாசமா வந்து பாத்துட்டுப் போறேங்க" என்றார் என்னிடம். "எங்கிட்ட ரெண்டாயிரம் இருக்கு. இன்னும் ஏழு வேணும். இது மட்டும் கெடைச்சா ரயிலடியில போட்டு ஓட்டிப் பொழச்சுக்குவேன். நாளைக்கு யாரு எந்தக் கட்சின்னு பாத்து வேலைக்குக் கூப்புடுற பொழப்பு வேணாம்."

அது கூலிப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூடக் கேட்டு வரப்பெல்லாம் கொடி நட்டிருந்தார்கள். வீரையனின் அண்ணன் சங்கத்தில் முன்னால் நிற்பவர். அண்ணன் பிடித்தது சிவப்புக் கொடி, தம்பி ஓட்டியது சிவப்புக் கார். இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகமாகத்தான் பார்த்தது.

மறுநாள் வலங்கைமானில் பஸ்ஸைவிட்டு இறங்கினேன். அந்தக் காரைக் கொண்டுவந்து எனக்காகக் காத்திருந்தார் வீரையன். ரத்தச் சிவப்பு. மேற்கூரை கிடையாது, மடக்கிப் போடும் கான்வாஸ்தான். கம்பி கம்பியாய்ச் சக்கரம், மரத்தில் ஸ்டியரிங். இரண்டே சீட்டு, அதுவும் தரையோடு தரையாக. என்ன கம்பெனி என்று சொன்னால் இன்றைய விலையைப் பற்றி எனக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிடுவீர்கள், அது வேண்டாம். மலை எஸ்டேட்டை விட்டு ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் மிராசுதார் ஆசைப்பட்டு வாங்கியதாம்.

மிராசுதார் குண்டாக, வெடிச் சிரிப்புச் சிரிக்கிற மனிதர். கோபமும் அதே வேகத்தில் வரும், பயமும் அதே வேகத்தில் வரும்.

"எனக்கு முழங்கால் மடங்கலப்பா" என்றார். "உள்ள எறங்கிடுறேன், வெளிய தூக்க ரெண்டு ஆள் வேண்டியிருக்கு. அதோட இந்தச் சமயத்துல இதுல போனா ஜனங்க பாக்குற பார்வையும் சரியில்ல. வித்துடு."

ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். வாங்கிப் பிரித்தால், உரிமையாளர் என்ற இடத்தில் வீரையன் பெயர்.

மிராசுதார் வேறு பக்கம் பார்த்தார். விஷயம் இதுதான். நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்ததும் அந்தப் பக்கத்தில் பலரும் செய்ததை அவரும் செய்தார். கொஞ்சம் நிலம் மச்சினன் பேரில், கொஞ்சம் சமையல்காரர் பேரில், கொஞ்சம் கோயில் பேரில் என்று ஒரே வாரத்தில் மாற்றி எழுதினார். அந்த வேகத்தில் காரையும் டிரைவர் பேரில் எழுதிவிட்டார். உச்சவரம்பு நிலத்துக்குத்தான், காருக்கு இல்லை என்று வக்கீல் சொன்னபோது எல்லாம் முடிந்திருந்தது. திருப்பி மாற்ற வெட்கப்பட்டு அப்படியே விட்டுவிட்டார். இந்த உலகத்தில் எத்தனையோ பினாமிச் சொத்துகளைப் பார்த்திருக்கிறேன், தேவையே இல்லாமல் பினாமி ஆன ஸ்போர்ட்ஸ் கார் அது ஒன்றுதான்.

"பேருக்குத்தான் அவன்" என்றார் மிராசுதார். "காயலான் கடைக்காரன் மூவாயிரம் சொல்லிட்டுப் போயிட்டான். எனக்கு அந்த மூவாயிரம் வந்தாப் போதும். வீரையா, இத்தனை வருஷம் ஓட்டிட்டே. அதுக்கு மேல என்ன வந்தாலும் நீயே வச்சுக்க. இந்தத் தம்பி சாட்சி."

நல்ல மனசோடுதான் சொன்னார். மேலே ஒன்றும் வராது என்ற நம்பிக்கையும் அதில் இருந்தது.

அந்தக் காரிலேயே தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். குடமுருட்டிக் கரையில் வீரையன் அதை ஓட்டிய ஓட்டத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். காற்றில் என் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. நாற்றங்காலில் குனிந்திருந்த பெண்கள் நிமிர்ந்து கையாட்டினார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் ரோட்டைத் தொட்டுவிடலாம். வாய்விட்டுக் கத்தினேன். எதற்கு என்று தெரியாது, சந்தோஷத்துக்குத்தான்.

"ஊர்ல ஐயாவ ரொம்பக் கேலி பண்ணுவாங்க" என்றார் வீரையன். "இவன் பக்கத்துல தோளோட தோள் ஒரசிக்கிட்டு மிராசு போறாரேன்னு. அவரு என்ன சொல்வாரு தெரியுங்களா? ரெண்டு சீட்டுதானடா இருக்கு, அவன பானெட்லயா உக்கார வைக்கிறதும்பாரு."

கடைக்கு வந்ததும் என் மதிப்பைச் சொன்னேன். நாலாயிரம்.

வீரையன் முகம் தொங்கிப்போனது. மூன்று போனால் ஆயிரம். அம்பாசிடரின் முன்பக்கச் சக்கரங்கள் வேண்டுமானால் வரும்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படிப்பா போட்டே?"

"ரெண்டு சீட்டுதானே பாய். கல்யாணத்துக்கு ஆகாது, டாக்சிக்கு ஆகாது, நெல் மூட்டை ஏத்த முடியாது."

பாய் சிரித்தார். நிறுத்தாமல் சிரித்தார். என் கணக்கில் முதல் தடவையாக அந்த வெள்ளைச் சட்டையில் வெற்றிலைக் கறை விழுந்தது. கொட்டகையில் இருந்த மெக்கானிக்குகளும் சேர்ந்துகொண்டார்கள். "பொண்ணு பாக்கப் போன எடத்துல தூக்கிப் பாத்து எடை போட்டிருக்கான்யா" என்றார் பாய். எனக்கு அவமானமாக இருந்தது. இப்போது நினைத்தால் இனிக்கிறது.

பிறகு அவர் இரண்டு நாள் அந்த வண்டியோடு இருந்தார். பின்சீட்டு இல்லாததால் முதலில் கொஞ்சம் தடுமாறி, வெறுமனே பின்பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. விரிப்புக்கு அடியில் தரை வறண்டு சுத்தமாக இருந்தது, அங்கே வேப்பிலையும் புகையிலைக் காம்பும் பரப்பியிருந்தது. எலிக்காக வீரையன் வாராவாரம் மாற்றி வைத்ததாம். கம்பெனியிலிருந்தே வண்டியோடு வந்த ஸ்பேனர் உறையில் ஒரு ஸ்பேனர்கூடக் குறையவில்லை. ஆயில் மாற்றிய தேதியை எல்லாம் மிராசுதார் வீட்டுக் கார் கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில் கரியால் எழுதி வைத்திருப்பதாக வீரையன் சொன்னார். பாய் மறுபேச்சில்லாமல் பஸ் ஏறிப் போய் அந்தக் கதவையும் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் சென்னைக்கும் ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் டிரங்க் கால் போட்டார். தான் விற்பதாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு வண்டி கிடைத்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டார். மூன்று பதிலையும் வைத்துக்கொண்டு, கிழிந்த கான்வாஸுக்கும், இந்தப் பக்கம் கிடைக்காத அந்த டயர்களுக்கும் வாங்குகிறவர் செலவு செய்ய வேண்டியதைக் கழித்தார்.

"வேணும்ங்கிறவன் எங்க இருக்கானோ அங்க போய் நின்னுக்கிட்டு வண்டியப் பாக்கணும்" என்றார் என்னிடம். "நீ வலங்கைமான்லயே நின்னுட்டே. பதினாலாயிரம்."

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. பதினாலில் மூன்று போனால் பதினொன்று! டாக்சி வந்துவிடும்! என் தப்புக்குப் பிராயச்சித்தம் தேடுகிறவன்போல், "பாய், வீரையனுக்காகப் பதினெட்டாப் போட்டுடுவோமே" என்றேன்.

"அவனுக்காகக் கூட்டுனா நாளைக்கு எவனுக்காகவோ குறைப்பே."

"சரி, கண்ணாடியில எழுத வேணாம் பாய். மிராசு பாத்துட்டா மனசு மாறிடுவாரு."

பாய் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். சுண்ணாம்பை எடுத்து, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தாக எழுதினார்.

நான் பயந்தபடியே மிராசுதார் நாலாம் நாள் வந்து நின்றார். கண்ணாடியைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டு திரும்பப் படித்தார்.

"பதினாலா?" என்று அலறினார். "தெரியாம மூவாயிரம்னு சொல்லிட்டேன்யா! வீரையா, அந்தப் பேச்ச விட்டுடு. உனக்கு ஐநூறு தர்றேன். கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

வீரையன் துண்டை இடுப்பில் கட்டவில்லை, தோளிலேயே இருந்தது. குரலும் உயரவில்லை. "ஐயா சொன்ன சொல்லுல நான் நிக்கிறேங்க. ஐயாவும் நிக்கணும். இல்லன்னா கையெழுத்து இல்லீங்க."

"என் காருடா அது! கோர்ட்டுக்குப் போவேன்!"

பாய் மரியாதையாகப் போனை நகர்த்தி வைத்தார். "வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க ஐயா."

மிராசுதார் பேசியது மட்டும் எங்களுக்குக் கேட்டது. "ஆமாங்க, காருதான்... பேருக்குத்தான் அவன்னு கேஸ் போடணும்... என்னது? ஏன் அவன் பேருக்கு மாத்துனேன்னு கோர்ட்டுல சொல்லணுமா?... சொன்னா என்ன?... நெலமுமா? சமையல்காரன்துமா?... கோயில்துமா?" போனை மெதுவாக வைத்தார்.

பாய் டீ சொன்னார். மிராசுதார் டீயைக் குடித்தார், கண்ணாடியைப் பார்த்தார், வீரையனைப் பார்த்தார். பிறகு அந்த வெடிச் சிரிப்பு வந்தது. "ஒரு காரைக் காப்பாத்தப் போயி ஊரையே குடுத்துடுவேன் போலருக்கே! சரிப்பா. சொன்னது சொன்னதுதான். ஆனா பதினாலுக்கு எவன் வர்றான்னு பாத்துடுறேன்."

விலையை மூன்று ஊருக்கும் பாய் சொல்லி அனுப்பியும் ஒருவரும் வரவில்லை. மூன்று வாரம் போயிற்று. காரைப் பார்க்கக் கூட்டம் வந்தது, குழந்தையை உட்காரவைத்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. இதற்கிடையில் குத்தாலத்துக்காரர் ஒருவர் வந்து அம்பாசிடர் டயரை உதைத்தார். நாலு டயரையும் உதைத்தார். வெள்ளிக்கிழமை பணத்தோடு வருவதாகச் சொன்னார். வீரையனுக்காக அதை எடுத்து வைக்கலாமா என்று கேட்டேன். எழுதிய விலையோடு யார் முதலில் வருகிறாரோ அவருக்குத்தான் என்று பாய் சொல்லிவிட்டார். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் அன்று ஒழுங்காகப் பதினாலு போட்டிருந்தால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே மூன்று ஊருக்கும் செய்தி போயிருக்கும் என்று ஒரே உறுத்தல்.

வியாழக்கிழமை காலையில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அண்ணனோடு வந்து இறங்கினார். பஞ்சாலைக் குடும்பம். அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்க, அவரே புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், வண்டிக்கு அடியிலும் படுத்துவிட்டார். எந்த டயரையும் உதைக்கவில்லை. அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கரந்தை வரை தானே ஓட்டிப் போய்த் திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏனுங்க, கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதுங்களா?" என்றார்.

பாய் கண்ணாடியைக் காட்டினார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நியாயமாத்தான் இருக்குதுங்" என்று கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு குதி குதித்துவிட்டு வந்தேன்.

வீரையன் கையெழுத்துப் போட்டார். மூவாயிரம் வாங்க வந்திருந்த மிராசுதாரும் பக்கத்தில் இருந்தார். அடுத்த நிமிஷம் வீரையன் ஒன்பதாயிரத்தை எண்ணிப் பாயிடம் கொடுத்துவிட்டு அம்பாசிடருக்கு முன்னால் போனார். துண்டின் நுனியை நனைத்துச் சுண்ணாம்பைத் துடைத்தார். எழுத்துப் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அழுகிறார் என்று தெரிந்ததும் நாங்கள் எல்லாரும் ஆளுக்கொரு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டோம்.

சிவப்புக் கார் தெரு முனையில் திரும்பி மறைந்தது. மிராசுதார் அதையே பார்த்தபடி நின்றார். பிறகுதான் ஊருக்குப் போக வண்டி இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"வலங்கைமானுக்கு என்னடா கேக்குறே?" என்றார், டாக்சியில் ஏறி உட்கார்ந்திருந்த வீரையனிடம்.

"முப்பது ரூபாங்க."

"கொறைச்சுக்க."

"கண்ணாடியில எழுதி வச்சிரட்டுங்களா ஐயா?" என்றார் வீரையன். காதர் பாய்க்குப் புரை ஏறிவிட்டது. மிராசுதார் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வீரையன் இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பிடித்தார். அகலமான சீட்டு, புது உறை. மிராசுதார் குனிந்து உள்ளே பார்த்தார். ஏறவில்லை. சுற்றிக்கொண்டு போய் முன்கதவைத் தானே திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு வீரையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நிக்கிறியே, எட்றா வண்டிய" என்றார்.

மூன்று பேர் தாராளமாக உட்காரலாம் என்று நான் மதிப்புப் போட்ட அந்தப் பின்சீட்டு, வலங்கைமான் வரைக்கும் காலியாகவே போனது.